ஹெச்.ஏ. என்று குறிபோட்ட பெட்டிகள்

கீழக்கரை
12.8.2024

அன்புத் தம்பி ஹசன் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லாத்தா சாலிஹா எழுதுகிறேன். அல்லாஹ் உதவியால் இங்கே நாங்கள் நலம். உன் கபீர் மச்சானுக்கு மட்டும் முழங்கால் வலி. துபாயில் இருபத்தைந்து வருஷம் நின்றபோது வலிக்காத கால், ஊரில் வந்து உட்கார்ந்ததும் வலிக்கிறதாம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

சனிக்கிழமை தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றியாகிவிட்டது. உன் கம்பெனி கேட்ட தரை ஓடு, குழாய், சிமென்ட் பலகை எல்லாம் பேக்கிங் லிஸ்டில் உள்ளபடி இருக்கிறது. அசல் பில் ஆஃப் லேடிங்கை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பத்திரம். அது இல்லாமல் மாலே துறைமுகத்தில் சரக்கைத் தொடவிட மாட்டார்கள்.

கம்பெனி சரக்கோடு ஹெச்.ஏ. என்று தனிக் குறிபோட்டு ஐந்து பெட்டி சேர்க்கச் சொன்னாய். சேர்த்துவிட்டேன். நாலு பெட்டி சிவப்புத் தரை ஓடு, ஒரு பெட்டி சுவர் வண்ணம். ஏற்றுமதி உரிமம் என் பெயரில் இருப்பதால் ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்துதான். எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஹெச்.ஏ. உன் முதலாளி இல்லை. அது நீதான்.

போனில் கேட்கலாம்தான். ஆனால் உன் அழைப்பு வந்தால் உன் வீட்டுக்காரி லாமியா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், வீடே சுற்றி உட்கார்ந்துவிடுகிறது. எனக்குத் தனியாக அழைத்தால் ஒரு நிமிஷத்தில் சிக்னல் போய்விடுகிறது உனக்கு. அதனால்தான் சரக்குக் காகிதங்களோடு இந்தக் கடிதம். நீயும் அப்படியே எழுது.

லாமியா நேற்று வந்திருந்தாள். "மச்சி, நோன்புப் பெருநா கழிச்சு ஷவ்வால்ல எம் மக யும்னா கல்யாணம் முடிஞ்சதும் அவரு ஊரோட வந்துருவாரு. இனி சிலிண்டர் மாட்ட ஆளத் தேட வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள். நாற்பத்தி மூன்று வயதில்.

உன் நலத்துக்குத் துஆ செய்யும்,
லாத்தா சாலிஹா


ஹிரிமாதூ, மாலத்தீவு
3.9.2024

லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். மாத்திரை போடுகிறேன். மச்சானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

சரக்கு வந்தது. மாலேயிலிருந்து இங்கே படகில் வரும்போது ஓட்டுப் பெட்டி ஒன்றின் மூலை நசுங்கிப் பதினோரு ஓடு உடைந்துவிட்டது. அடுத்த முறை பெட்டிகளுக்கு நடுவே வைக்கோல் வைக்கச் சொல்லவும்.

கேட்டதற்குப் பதில்: அது ஒரு சின்ன வீட்டுக்கு. அடுத்த கன்டெய்னரில் வேப்பமரக் கதவு ஒன்று (ஏழு அடிக்கு மூன்று), ஜன்னல் ஒன்று, குழாய் ஒன்று, சுவரில் பதிக்கும் அலமாரிப் பலகை நாலு, சட்டை மாட்டும் பித்தளைக் கொக்கி ஆறு. அதே குறி. இங்கே உப்புக் காற்றுக்கு வேம்புதான் தாங்கும்.

லாமியாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

ஸலாமுடன்,
ஹசன் அலி


கீழக்கரை
20.9.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன். சூடு போதாது என்று மச்சான் குறை சொல்கிறார். ஆகவே குணம் தெரிகிறது என்று பொருள்.

கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு எல்லாம் விளங்கியது. நம் ஊரில் ஆண்பிள்ளை எதற்கு வீடு கட்டுவான்? பெண்பிள்ளைக்குத்தான். எனக்கு வாப்பா கட்டினார். லாமியாவுக்கு அவள் வாப்பா. நீ யும்னாவுக்கு இங்கே கட்டி வண்ணமும் அடித்தாகிவிட்டது. இப்போது உழைக்கிற ஊரிலும் அவள் பெயருக்கு ஒரு வீடு. மாப்பிள்ளை அப்துல் ஹாதிக்கு அங்கே வேலைக்கும் ஏற்பாடு செய்திருப்பாய். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பாய்.

திட்டாதே. லாமியாவிடம் சொல்லிவிட்டேன். நல்ல செய்தியை எத்தனை நாள் மறைப்பது? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். யும்னா மட்டும், "எனக்கு நீச்சல் தெரியாதே மாமி" என்று முழித்தாள்.

கதவுக்குத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. வைக்கோலுக்கும் சொல்லிவிட்டேன். மரச் சாமானுக்குப் பூச்சி சாகப் புகை போட்டுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும், அதனால் சில நாள் கூடும்.

பதிலை எதிர்பார்க்கும்,
லாத்தா


கீழக்கரை
2.11.2024

தம்பி ஹசன் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமாக இருக்கிறாய் என்று போனில் உன் குரலைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஆறு வாரமாக எனக்குக் கடிதம் இல்லை. போனில் மழையைப் பற்றிப் பேசுகிறாய்.

இங்கே பெரிய குழப்பம். எல்லாம் நான் இழுத்துவிட்டதுதான். லாமியா சந்தோஷத்தில் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மறுநாளே மாப்பிள்ளையின் உம்மா மஜீதா நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தேநீரைக்கூடத் தொடவில்லை.

"எம் மகன் பொண்ணு வீட்டுக்குப் போவான், அது நம்ம வழக்கம். இல்லேங்கல. இங்கன ரெண்டு தெரு தள்ளிப் போவான்னு நெனச்சித்தான் சம்மதிச்சேன். கப்பலேறிப் போகணும்னா மொதல்லயே சொல்லியிருக்க வேணாமா?"

"கப்பல்ல ஓடுதான் போவுது மஜீதா. மாப்பிள்ளை பிளேன்ல போகலாம்" என்றார் கபீர் மச்சான், உள்ளே இருந்தபடி. அவருடைய நகைச்சுவைக்கு நேரம் காலம் கிடையாது.

"சிரிங்க, சிரிங்க. ஒங்க வீட்டுப் பொண்ணுக்கு ரெண்டு வீடு. எம் புள்ளைக்கு எது வீடு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். வேறு இடம் பார்க்கப் போவதாகத் தெருவில் பேச்சு. லாமியா சாப்பிடுவதில்லை. யும்னா அறையைவிட்டு வருவதில்லை.

அந்த வீடு யும்னாவுக்குத்தானே? ஒரு வரி எழுது. ஆமாம் என்றால் மஜீதாவைச் சமாதானப்படுத்த ஒரு வழி பார்க்கலாம்.

லாத்தா


ஹிரிமாதூ
19.11.2024

லாத்தாவுக்கு,

ஸலாம். மச்சான், லாமியா, யும்னா எல்லாரும் நலம் என நம்புகிறேன். இங்கே விடாத மழை. வேலை பாதி நாள்தான்.

அந்த வீடு யும்னாவுக்கு இல்லை. அவளுக்குக் கீழக்கரை வீடுதான். மாப்பிள்ளை எங்கேயும் வர வேண்டாம். மஜீதாவுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டார்கள். லாமியாவிடம், "லாத்தா தப்பாக விளங்கிக்கொண்டார்கள், கம்பெனிக் கட்டடம்" என்று சொல்லியிருக்கிறேன்.

கதவு புறப்பட்டதா? சுவர் எழும்பிவிட்டது. வாசலில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.

ஹசன் அலி


கீழக்கரை
5.12.2024

ஹசன் அலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். ஸலாமும் நலமும் எழுதியாகிவிட்டது. இனி மற்றது.

யும்னாவுக்கு இல்லை என்றால் யாருக்கு? லாமியா உன் பேச்சை நம்பிவிட்டாள். நான் நம்பவில்லை. எந்தக் கம்பெனி ஆறு சட்டைக் கொக்கி கேட்கும்? நேராகவே கேட்கிறேன். அங்கே யாரையாவது நிக்காஹ் செய்திருக்கிறாயா? ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறதா? எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நம் ஊர்க் கணக்கில் எனக்கு வேறு விடை வரவில்லை. ஆண் வீடு கட்டுகிறான் என்றால் அதற்குள் ஒரு பெண் இருக்க வேண்டும்.

மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். லாமியா வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். நாலாம் நாள் பேக்கிங் லிஸ்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம். யார் என்ன சாமான் கேட்கிறார்கள் என்று பார்த்தால் அந்த வீட்டில் எத்தனை பேர், சின்னப் பிள்ளை உண்டா, வயதானவர் உண்டா என்று சொல்லிவிடுவேன்.

உன் பட்டியலில் கதவு ஒன்று. நம் வீடுகளில் பெண்கள் வந்துபோகப் பின்சந்தில் ஒரு வாசல் இருக்கும். அது இல்லை. குழாய் ஒன்று. சமையல்கட்டுக்கு மேடைக்கல் இல்லை, தொட்டி இல்லை. அங்கே ஒரு பெண் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள்.

பெண் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, குழப்பம்தான் கூடியது. பெண் இல்லாத வீட்டை ஒருவன் எதற்குக் கட்டுகிறான்?

கதவுக்குப் புகை போட்டாகிவிட்டது. தூத்துக்குடி கிடங்கில் நிற்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் கப்பல் ஏறும். போடாமல் வைத்திருக்கிறேன்.

சாலிஹா


ஹிரிமாதூ
28.12.2024

அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் நலமா? உனக்கு மூச்சு வாங்குவதாக யும்னா சொன்னாள். மருத்துவரைப் பார்.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த வீடு எனக்குத்தான்.

முதலாளி தோட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு இடம். பதினைந்து வருஷம் இருந்துகொள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே அறை. பெண் யாரும் இல்லை. அல்லாஹ் மீது ஆணையாக இல்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் கல்யாணத்தின்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு உனக்கானது. சரிதான், உனக்காகக் கட்டியதுதான். மச்சானுக்கு அறை வேண்டும் என்று என் பெட்டியை உம்மா மாடிப்படிக்குக் கீழே நகர்த்தினார்கள். யாரும் தப்புச் செய்யவில்லை. பிறகு எனக்குக் கல்யாணம். லாமியா வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு மறுமாதமே இங்கே வந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் போவேன். மாமியார் என்னைத் தாங்கினார்கள். மீன் தலை எனக்குத்தான். ஒருமுறை சட்டை மாட்ட ஆணி அடிக்கப் போனேன். "சொவரு புதுசா வெள்ளையடிச்சிருக்கு மாப்புளே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சுத்தியலை வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் என் சட்டைகள் பெட்டியில்தான் இருக்கின்றன. லாமியாவுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை. சொல்ல இதில் என்ன இருக்கிறது?

இங்கேயும் ஓர் அறைக்கு எட்டுப் பேர். இந்தத் தீவுகளில் முப்பத்தொரு வீடு கட்டியிருக்கிறேன் லாத்தா. எந்த வீட்டில் எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் அடுத்தவர் சுவர்.

ஷவ்வாலில் கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வருவேன். ஊரோடு வந்துவிடுவேனா என்று கேட்காதே. எனக்கே விளங்கவில்லை. லாமியாவை விட்டுப்போகும் எண்ணமும் இல்லை. யும்னா என் உயிர். அப்படியிருந்தும் சுவருக்குக் கல் வைத்த அன்று நான் அழுதேன்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம்.

தம்பி ஹசன் அலி


கீழக்கரை
20.1.2025

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருத்துவரைப் பார்த்தேன். மூச்சுக்கு ஒன்றுமில்லை, கவலைதான் என்றார். கவலைக்கு மாத்திரை எழுதவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கதவு ஒன்பதாம் தேதி கப்பலேறியது. சரியா தப்பா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பி.காம். படித்த எனக்கு எந்த விஷயத்தையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுத வரும் என்று ஒரு நினைப்பு இருந்தது. உன் கடிதத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

உன் பெட்டியை நகர்த்தியது எனக்கு நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் புடவையின் கரை நினைவிருக்கிறது, விருந்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது நினைவிருக்கிறது. உன் பெட்டி இல்லை.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் உன் மச்சானிடம் கேட்டேன். "ஏங்க, ஒங்க வீடு எது?"

"இதென்ன கேள்வி? ரிமோட்ட எடு."

"கேக்குறதுக்குச் சொல்லுங்க."

"ஒங்க வாப்பா ஒனக்குக் கட்டுன வீடு இது. எங்க உம்மா வீடு எந் தங்கச்சிக்கு. இடையில துபாய்ல கேம்ப். ஏன், வாடகை கேக்கப் போறியா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வாசல் மணி மாத்தணும்னு எட்டு வருஷமா நெனக்கிறேன். அந்தச் சத்தம் எனக்குப் புடிக்கல" என்றார். மாற்றியிருக்கலாமே என்றேன். மறுபடி சத்தத்தைக் கூட்டினார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம், அவர் துபாயை விட்டு ஊரோடு வந்தே எட்டு வருஷம் ஆகிறது. அவர் இங்கே ஒரு பொருளைக்கூடக் கேட்காமல் நகர்த்தியதில்லை என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது.

இன்னொன்று. லாமியாவிடம் உண்மையைச் சொன்னேன். இந்த முறை உன்னைக் கேட்காமல்தான், ஆனால் தெரிந்தே சொன்னேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"அங்கன ஒருத்தி இருந்தா நான் சண்டை போட்டுருப்பேன் மச்சி. தலமுடியப் புடிச்சிருப்பேன். ஜமாஅத்துக்குப் போயிருப்பேன். இதுக்கு நான் யாருகிட்டப் போயி என்ன சொல்லி அழ?" என்றாள்.

கடிதத்தை மடித்து அவளிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

குழப்பத்துடன்,
லாத்தா


ஹிரிமாதூ
9.3.2025

லாத்தாவுக்கு,

நோன்பு வாழ்த்தும் ஸலாமும். இங்கே நோன்பு நன்றாகப் போகிறது. சர்க்கரை கட்டுக்குள்.

கதவு பழுதில்லாமல் வந்தது. நானே மாட்டினேன். கொக்கிகளும் அடித்தாகிவிட்டது. மூன்றில்தான் சட்டை தொங்குகிறது. என்னிடம் அவ்வளவுதான் நல்ல சட்டை.

லாமியா தினமும் போன் செய்கிறாள். பந்தல், பிரியாணி, யாருக்கு அழைப்பு என்று பேசுகிறாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஸ்பீக்கரில் எல்லாரும் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 5 வருகிறேன். 26 திரும்ப டிக்கெட் போட்டிருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஹசன் அலி


கீழக்கரை
14.5.2025

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். யும்னாவும் அப்துல் ஹாதியும் நலம். மஜீதா வாரத்தில் மூன்று நாள் மகனைப் பார்க்க யும்னா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். இரண்டு தெருவும் அவளுக்குத் தூரம்தான் போலிருக்கிறது.

நீ புறப்பட்ட அன்று லாமியா வாசல் வரை வந்து நின்றாள். அழவில்லை. எத்தனை நாள் அங்கே இருப்பாய் என்று அவளும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எது நடக்கிறது என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை, இப்போதும் இல்லை. கதவை அனுப்பியிருக்கக் கூடாதோ என்று சில நாள் தோன்றுகிறது. உன்னை மாடிப்படிக்குக் கீழிருந்து முன்பே அழைத்திருக்க வேண்டுமோ என்று சில நாள்.

இந்த மாதச் சரக்குக் காகிதங்கள் உள்ளே இருக்கின்றன. கூடவே ஒட்டிய கவர் ஒன்று. லாமியா கொடுத்தது. நான் பிரிக்கவில்லை.

துஆவுடன்,
லாத்தா சாலிஹா


கீழக்கரை
13.5.2025

அன்புள்ள கணவருக்கு லாமியா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்கள் சுகமா?

கல்யாணமாகி உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்று மச்சியிடம் கேட்டேன். நலம் விசாரி, மற்றது தானாக வரும் என்றார்கள். வரவில்லை.

நீங்கள் வந்திருந்த இருபத்தொரு நாளும் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் குடிக்கக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பானையைத் திறந்தீர்கள். எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறீர்கள் போல. மரியாதையான மனுஷன் என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். இவ்வளவு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு மச்சிக்கு எழுதினீர்கள். ஆனால் சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்கு விளங்கியிருக்குமா என்று கேட்டுக்கொள்கிறேன். விளங்கியிருக்காது. இப்போதும் முழுசாக விளங்கவில்லை.

பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். யும்னாவுக்கு மட்டும் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் இருக்கிறதாம். உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதப் போனேன். உங்கள் வீடு என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இதுவரை அப்படி ஒன்றை நான் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை.

கூப்பிடாமல் வர மாட்டேன். வரலாமா, எத்தனை நாள் தங்கலாம், என்னென்ன கொண்டுவரலாம் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம்.

லாமியா